மேல் கம்பி

புதிதாகப் போட்ட தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருப்பதை நீங்கள் ஏறி நின்று பார்த்திருக்கிறீர்களா? ரோட்டில் போகிறவர்களுக்கு அது தெரியாது, அவர்கள் பார்ப்பதெல்லாம் கீழே தாங்கி நிற்கிற முட்டுகளையும் ஓரத்தில் சொட்டுகிற ஈரத்தையும்தான். மேலே வந்தால் தெரியும், வரிசைக்கு ஆறாக நாலு வரிசை, இருபத்து நாலு கட்டம், ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம். இன்றைக்கு மேகம் மூடிக் கிடக்கிறது, அதனால் இருபத்து நாலு துண்டும் சாம்பல் நிறம். நான் தண்ணீர் ஓஸைப் பிடித்துக்கொண்டு முதல் பாத்தியின் ஓரத்தில் நிற்கிறேன். மணி மூன்று இருபது. காலையில் நிரப்பியதை மதியத்துக்குள் தளம் குடித்துவிட்டது, மறுபடி நிரப்ப வேண்டும், அதுதான் இங்கே என் வேலை. தளம் போட்டு இன்றோடு பத்தாவது நாள். பத்தாவது நாள் என்று மனசுக்குள் சொன்னதும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓஸை இறுக்கிப் பிடிக்கிறேன். சேலைக்கு மேலே நான் போட்டிருக்கிற சட்டை என் வீட்டுக்காரர் குமரவேலுடையது, அவன் சென்ட்ரிங் வேலைக்குப் போட்டுப் போன சட்டை, இப்போது அவனுக்கு அது தேவைப்படுவதில்லை. அதன் பையில், பிளாஸ்டிக் கவரில் சுற்றி, போன். போனுக்குள் ஒரு சீட்டு. திருச்சியில், பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரியில், சிவில் இன்ஜினியரிங், நாலு வருஷம், இளவரசி என்று என் பெயர் போட்டு நேற்றுக் காலையில் வந்தது. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் சம்மதம் என்று அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் வேறு யாருக்கோ போய்விடும். இருபத்து நாலு பாத்தியும் நிரம்ப ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். சரியாகத்தான் இருக்கிறது பாருங்கள், யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்த மாதிரி.

முதல் பாத்தியில் தண்ணீர் விழுகிற சத்தம் மாறுகிறது, வெறும் தரையில் விழும்போது பட்டென்று கேட்டது இப்போது கொழகொழவென்கிறது. இந்தச் சத்தத்தை வைத்தே எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். இதையெல்லாம் கல்லூரியில் சொல்லித்தருவார்களா என்று நேற்று குமரவேலிடம் கேட்டேன், அவன் சிரித்தான், "நீ போய் அவங்களுக்குச் சொல்லிக் குடு" என்றான். அவன்தான் இதை ஆரம்பித்து வைத்தது. மே மாதம் அவனுடைய மாற்றுத்திறனாளி அட்டை விஷயமாக இ-சேவை மையத்துக்குப் போயிருந்தோம். சுவரில் இன்ஜினியரிங் கலந்தாய்வு என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "ஏம்மா, இதுக்கு வயசு வரம்பு ஏதும் உண்டா?" என்று கேட்டான். "யாருக்குண்ணே, உங்களுக்கா?" "எனக்கு எதுக்கு, நான் எட்டாவதயே ரெண்டு தடவ எழுதுன ஆளு. இந்தா நிக்கிறாள்ல, இவளுக்கு. பிளஸ் டூவுல கணக்குல எத்தன தெரியுமா? இருநூறுக்கு நூத்தி எண்பத்தேழு." இந்த நூற்றி எண்பத்தேழை அவன் யாரிடமும் விட்டுவைத்ததில்லை. பஸ் கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறான், காலுக்குக் கம்பி வைத்த டாக்டரிடம் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் படுத்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "அக்கா, கவர்மென்ட் ஸ்கூலா? அப்ப தனி ஒதுக்கீடே இருக்கு, கண்டிப்பா கிடைக்கும்க்கா" என்றாள். என் கையில் சாந்து வெடிப்பு, காலில் ரப்பர் செருப்பு, பக்கத்தில் ஆறு வயசுப் பெண் ஓவியா நாற்காலியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். மொபைல் நம்பர் என்று கேட்டபோது யோசிக்காமல் அவன் நம்பரைச் சொன்னேன். கேஸுக்கு அவன் நம்பர், ரேஷன் அட்டைக்கு அவன் நம்பர், ஓவியா பள்ளிக்கூடத்தில் அவன் நம்பர், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதனால் என்ன செய்தாலும் அவனுடைய பட்டன் போனுக்கு ஆறு இலக்கத்தில் ஒரு நம்பர் போகும், அவன் படித்துச் சொன்னால்தான் மேலே நகரும். அவனுக்குத் தெரியாமல் இதில் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்றும் செய்யாமலிருக்க மட்டும் முடியும்.

நாலாவது பாத்தி. படிக்கப் போகாமலிருக்க எத்தனை காரணம் இருக்கிறது என்று யோசித்தால் ஆள் வைத்துத்தான் அள்ள வேண்டும். காலையில் ஆறு நாற்பது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், ஓவியாவுக்கு யார் பின்னிவிடுவார்கள், குமரவேலுக்குப் பின்ன வராது, இரட்டைச் சடை போடச் சொன்னால் ஒன்று காதுக்கு மேலும் ஒன்று கழுத்துக்குக் கீழும் வரும். வகுப்பில் எல்லாம் பதினெட்டு வயசுப் பிள்ளைகள், நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று குட் மார்னிங் மேடம் என்பார்கள், பிறகு நான் அவர்கள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தால் திருதிருவென்று விழிப்பார்கள், இதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எல்லாம் இங்கிலீஷில் இருக்கும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் வருஷத்தில் பாதி நாள் தேர்தல் வேலைக்கோ கணக்கெடுப்புக்கோ போய்விடுவார், கணக்கு டீச்சர்தான் வந்து அந்த நேரத்திலும் கணக்கு எடுப்பார், அப்படித்தான் எனக்குக் கணக்கு வந்தது, இங்கிலீஷ் போனது. ஆனால் இதெல்லாம் காரணம் இல்லை. இதையெல்லாம் சமாளிப்பேன், நான் எதைச் சமாளிக்கவில்லை. சிரித்த முகம் என்றுதான் எனக்குப் பெயர். மாமியார் வீட்டில் அதைச் சொல்லித்தான் பெண் எடுத்தார்கள், அத்தை மகன் என்றாலும் ஒரு காரணம் சொல்ல வேண்டுமில்லையா. காரணம் வேறு. அது இந்தத் தண்ணீருக்கு அடியில், இந்தக் கான்கிரீட்டுக்கு உள்ளே, கம்பிகள் படுத்திருக்கிற இடத்தில் இருக்கிறது. அங்கே என் நினைப்பு போய் இடிக்கிறது, திரும்புகிறது, பஸ், சடை, இங்கிலீஷ் என்று ஒரு சுற்றுப் போகிறது, மறுபடி அங்கேயே வந்து இடிக்கிறது.

"என்ன தாயி, தண்ணி போதுமா, மோட்டார நிறுத்தவா?" கீழேயிருந்து சவரியார் மேஸ்திரி. "இன்னும் பதினாறு பாத்தி கெடக்கு மேஸ்திரி, நீங்க பாட்டுக்கு நிறுத்திட்டுப் போயிறாதீங்க." "சீட்டு விஷயம் என்னாச்சு, அமுத்திட்டியா?" "அமுத்துவோம், அமுத்துவோம்." "படிச்சு வந்து எங்க எல்லாரையும் மாட்டி விட்றாத தாயி." அவர் சிரிக்கவில்லை. சிரிப்பதற்காகச் சொன்ன பேச்சு, சொன்னவரே சிரிக்கவில்லை, வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரிக்கிற மாதிரி குனிந்துகொண்டார். எட்டாவது பாத்தியின் வரப்பில் ஒரு ஓட்டை, தண்ணீர் ஒன்பதாவதுக்குள் கசிகிறது. குனிந்து சாந்தை வழித்து அடைத்து, வலது காலால் மிதித்து அமுக்குகிறேன். கால் ஈரத்தில் வெளுத்துப்போய் விரல் இடுக்கெல்லாம் சுருங்கியிருக்கிறது. அந்தக் காலைப் பார்க்கிறேன். இரண்டு வருஷமாக இது வெறும் கால்தான். பதினோரு நாளாகத்தான் அப்படி இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் வேலை செய்த அந்த வீடு முசிறி ரோட்டில், முன்பக்கம் நாலடி நீட்டிக்கொண்டு நிற்கிற பால்கனி வைத்த வீடு. கீழே தூண் கிடையாது, சுவரிலிருந்து அப்படியே வெளியே நீளும், கையை நீட்டினால் நிற்கிற மாதிரி நிற்க வேண்டும். சவரியார் மேஸ்திரிதான் கொத்தனார், குமரவேல் சென்ட்ரிங், முட்டு நிறுத்துவதும் கான்கிரீட்டைத் தாங்கத் தகரம் அடிப்பதும் பிறகு பிரிப்பதும் அவன், நான் சித்தாள். தளம் போடுகிற நாளென்றால் திருவிழா மாதிரிதான் இருக்கும், அதிகாலையிலேயே கலவை மெஷின் கத்த ஆரம்பித்துவிடும், வீடு கட்டுகிறவர் எலுமிச்சம்பழம் வைப்பார், மத்தியானம் எல்லாருக்கும் பிரியாணி. முதல் சட்டிக் கலவையை ராசியான கை போட வேண்டும் என்று மேஸ்திரிக்கு ஒரு நம்பிக்கை. எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவார். "சிரிச்ச முகம் வாம்மா, முதச் சட்டி உன்னுது." அன்றைக்கும் நான்தான் போட்டேன், அந்தப் பால்கனியின் மூலையில். நடப்பதற்குப் பலகை போட்டிருந்தார்கள், கம்பிக்கு மேல், ஆனால் கீழே மெஷினுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டிச் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது, அந்தப் பலகைகளை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி மேஸ்திரி கத்தினார், எடுத்துக்கொண்டு போனார்கள், திரும்ப வரவில்லை. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கம்பி மேலேயே நடந்தோம். மெல்லிய கம்பி, கட்டுக்கம்பியால் கட்டியது, மிதித்தால் இறங்கும், காலை எடுத்தால் கொஞ்சம் எழும்பும். ஊஞ்சல் மாதிரி. எனக்கு அது பிடித்திருந்தது. தலையில் சட்டியோடு ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குக் குதித்துக் குதித்துப் போனேன். "இளவரசி வர்றாங்கடா, வழி விடுங்கடா, கம்பளம் விரிங்கடா" என்று மேஸ்திரி சத்தம் போட்டார், எல்லாரும் சிரித்தார்கள், நான் சட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை இடுப்பில் வைத்து, ராணி நடக்கிற மாதிரி, அழுத்தி அழுத்தி நடந்து காட்டினேன். கீழே தகரத்துக்கு அடியில் முட்டு சரிபார்த்துக்கொண்டிருந்த குமரவேல், "ஏ புள்ள, மேல என்ன யான நடக்குதா?" என்று கேட்டான். அதற்கும் சிரித்தோம். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, காலை முழுக்க, எத்தனை சட்டி, எத்தனை நடை.

பத்தாம் நாள் கான்ட்ராக்டர் போன் பண்ணினார். வேறு சைட்டுக்குத் தகரம் வேண்டும், பிரித்துவிடு என்றார். குமரவேல் போய்ப் பிரித்தான். வரிசையாக முட்டுகளை எடுத்துக்கொண்டே வந்தவன் கடைசி இரண்டு முட்டுகளை எடுக்கக் குனிந்தபோது பால்கனி சுவரோடு ஒட்டிய இடத்தில் பிளந்து, மொத்தமாக, கதவு சாத்துகிற மாதிரி கீழே மடங்கியது. நான் அப்போது செங்கல் நனைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் முதலில் லாரி கல் கொட்டுகிறது என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்து அடுத்த செங்கல்லைத் தொட்டிக்குள் போட்டேன், அது தண்ணீருக்குள் குமிழி விட்டுக்கொண்டே இறங்கியதைக்கூடப் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தக் குமிழிகளை என்னால் மறக்க முடியவில்லை, அவன் அதற்குள் கத்த ஆரம்பித்திருப்பான். உயிர் போகவில்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றே எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். நீட்டிக்கொண்டு நிற்கிற தளத்துக்குப் பத்து நாள் போதுமா, பதினாலு நாளாவது விட வேண்டாமா, அவசரப்பட்டுப் பிரித்துவிட்டான். கான்ட்ராக்டர் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். "அனுபவம் உள்ளவன், அவனுக்குத் தெரிய வேணாமா" என்று மேஸ்திரியும் தலையை ஆட்டினார். குமரவேலே அதைத்தான் சொன்னான். மயக்கம் தெளிந்ததும் சொன்ன முதல் பேச்சு, "நாலு நாள் பொறுத்திருக்கலாம் இளவரசி." டீக்கடையில் அவனுக்குப் பெயரே பத்துநாள் என்று ஆகிவிட்டது. பத்துநாள் வந்திருக்கான், பத்துநாளுக்கு ஒரு டீ போடு. அவனும் சிரித்துக்கொண்டுதான் வாங்கிக் குடிப்பான். போன மாதம் ஓவியா வந்து கேட்டாள், "அம்மா, அப்பாவ ஏன் பத்துநாள்னு கூப்புடுறாங்க, அப்பாவுக்குப் பத்து நாளுதான் லீவா?" அவன் அவளைத் தூக்கி நல்ல காலின் மேல் உட்கார வைத்து, "அப்பா கணக்குல வீக்கு. அம்மாகிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பா" என்றான்.

பதினாலாவது பாத்தி. மணி நாலு பத்து. இப்போது பள்ளிக்கூடம் விட்டிருப்பார்கள், அவன் ஊன்றுகோலோடு கேட்டுக்கு எதிரில் புளியமரத்தடியில் நிற்பான், ஓவியா ஓடிவந்து பையை அவன் கழுத்தில் மாட்டுவாள். பதினோரு நாளைக்கு முன்னால் இதே இடத்தில், இந்தத் தளத்துக்குக் கம்பி கட்டி முடித்திருந்த சாயங்காலம், இன்ஜினியர் தம்பி பார்க்க வந்தார். போன வருஷம்தான் படிப்பை முடித்தவர், மீசை இன்னும் சரியாக வரவில்லை. முன்பக்கச் சன்ஷேடில் ஒருவன் கம்பியை மிதித்துக்கொண்டு நின்றான். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "எறங்குண்ணே மொதல்ல. அந்தக் கம்பி ஏன் மேல இருக்கு தெரியுமா?" ஒருத்தருக்கும் தெரியவில்லை. டீயோடு வந்திருந்த பன்னில் ஒன்றை எடுத்தார். ஒரு பக்கத்தைக் கையில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நீட்டிக்கொண்டிருந்த மறுபக்கத்தைக் கீழே அழுத்தினார். பன்னின் மேல்பக்கம் பிளந்தது. "பாத்தீங்களா? வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிறது எல்லாம் மேலதான் கிழியும். அதுக்குத்தான் கம்பி மேல. அது கீழ எறங்காம இருக்கத்தான் இந்தக் குட்டிக் கம்பி, சேர்னு வச்சிருக்கோம். மிதிச்சு மிதிச்சு அதக் கீழ தள்ளிட்டீங்கன்னா உள்ள கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான். முட்டு எடுத்ததும் மொத்தமா வந்துரும்." நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கேட்டேன். "தம்பி, முட்ட நாள் கழிச்சு எடுத்தா நிக்குமா?" "பத்து நாள்லயே முக்காவாசி பலம் வந்துரும்க்கா. கம்பி கீழ போயிட்டா நூறு நாள் கழிச்சு எடுத்தாலும் விழத்தான் செய்யும்." சொல்லிவிட்டுப் பிளந்த பன்னை என்னிடம் நீட்டினார், சாப்பிடுங்கக்கா என்று. வாங்கிக்கொண்டேன். முசிறி ரோட்டு வீட்டில் சேர் என்று ஒன்றை நான் பார்க்கவே இல்லை. நிமிர்ந்தபோது சவரியார் மேஸ்திரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே கண்ணை எடுத்துக்கொண்டார். அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததா? இரண்டு வருஷமாகத் தெரியுமா? பலகையை எடுக்கச் சொன்னது அவர்தானே. மறுநாள் தளம் போட்டபோது முதல் சட்டிக்கு என்னைக் கூப்பிடுவார் என்று நின்றேன், அவர் வேறு பக்கம் திரும்பி வேறொரு சித்தாளைக் கூப்பிட்டார். பன்னை நான் சாப்பிடவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போனேன், பிளந்த இடத்தில் சர்க்கரை தூவி ஓவியா சாப்பிட்டாள், அப்பாவுக்கும் ஒரு வாய் ஊட்டினாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு ஓவியாவுக்கு இருமல். மறுநாள் தளம் போட்ட களைப்பு. அதற்கு மறுநாள் அவன் தன் அம்மா ஊருக்குப் போயிருந்தான். பிறகு எந்தக் கல்லூரி வேண்டுமென்று பட்டியல் போடுகிற நாள் வந்துவிட்டது, அவன் என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டு, காலை நீட்டி, "சிவில் மட்டும் போடு, வேற ஒண்ணும் போடாத" என்றான். ஏன் மாமா என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. "எனக்கு ஒரே ஒரு கணக்கு தெரிஞ்சாப் போதும். அந்தப் பால்கனிக்கு எத்தன நாள் விட்டிருக்கணும்? பதினாலா, இருபத்தொண்ணா? நீ படிச்சுச் சொல்லு. யாரு சொன்னாலும் நம்ப மாட்டேன், நீ சொன்னா நம்புவேன்." சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன், நம்பர் வந்தது, படித்தான், பட்டியல் பூட்டிக்கொண்டது. நாலு வருஷம் பஸ்ஸில் போய் வந்து, நாலு வருஷம் கழித்து அவன் கேட்கிற அந்தக் கணக்குக்கு நான் என்ன விடை சொல்வேன்? விடை இப்போதே என் காலில் இருக்கிறது. அல்லது இல்லையோ. இன்ஜினியர் தம்பி சின்னப் பிள்ளை, அவர் சொன்னது முழுக்கச் சரியா யாருக்குத் தெரியும், கலவையில் தண்ணீர் கூடிப்போயிருக்கலாம், சிமென்ட் பழசாக இருந்திருக்கலாம், நான் மட்டுமா நடந்தேன், எட்டுப் பேர் நடந்தார்கள், ஆனால் குதித்தது நான், அழுத்தி அழுத்தி நடந்து காட்டியது நான். படிக்கப் போனால் இதெல்லாம் சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். எந்தக் கம்பி எவ்வளவு இறங்கினால் எவ்வளவு பலம் போகும் என்று ஒரு வாத்தியார் போர்டில் எழுதுவார், நான் நோட்டில் எழுதிக்கொள்வேன், என்னை வைத்தே எனக்கு ஒரு கணக்கு. போகாவிட்டால் தெரியாது. தெரியாமல் இருந்தால் அவன் பத்துநாள் என்றே இருந்துவிடுவான். ஊன்றுகோலோடு புளியமரத்தடியில் நிற்பான், தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டே கிழவனாவான், நான் சிரித்த முகத்தோடு அவனுக்குச் சோறு போடுவேன்.

பத்தொன்பது. மோட்டார் ஒரு நிமிஷம் இருமிவிட்டு ஓடுகிறது. மணி நாலு இருபத்தெட்டு. ஒன்றும் செய்ய வேண்டாம், இப்படியே ஓஸைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், ஐந்து மணி தானாக ஆகிவிடும். சிக்னல் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். இந்த ஏரியாவிலேயே இந்தத் தளத்தின் மேல்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது, அவனுக்கு அது தெரியாது. பொய் சொன்னால் நம்புவான், நான் சொன்னால் நம்புவான், அதுதானே பிரச்சினையே. ஒரு நிமிஷம் அது எவ்வளவு சுலபமாகத் தெரிகிறது, உடம்பே லேசாகிற மாதிரி, ஆறு நாற்பது பஸ் இல்லை, இங்கிலீஷ் இல்லை, போர்டில் எழுதுகிற வாத்தியார் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னால் அவன்தான் எனக்குச் சமாதானம் சொல்வான். "விடு புள்ள, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அவன் எனக்குச் சமாதானம் சொல்வதை நினைத்துக்கொண்டிருந்ததில் இருபதாவது பாத்தி நிரம்பி வழிவதைக் கவனிக்கவில்லை, தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு தளத்தின் ஓரத்துக்கு ஓடி, சன்ஷேடின் மேல் விழுந்து, கீழே சொட்டுகிறது. ஓடிப்போய் வரப்பைக் கட்டுகிறேன். சன்ஷேடின் மேல் கால் வைக்காமல் எட்டி நின்று பார்க்கிறேன். இதற்குள் கம்பி மேலேதான் இருக்கிறது, சேர் வைத்துக் கட்டியது, நானே எண்ணினேன், பதினாறு சேர். இது நிற்கும். இதற்கடியில் யாராவது நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள், தலைக்கு மேலே எது மேலே இருக்கிறது எது கீழே இருக்கிறது என்று நினைக்காமல்.

ஓஸை இருபத்தொன்றில் போட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தேன். அவன் சட்டையில். கவரைப் பிரித்துப் போனை எடுத்தேன். கை ஈரம், திரை விரலை ஏற்கவில்லை, மறுபடி துடைத்து, மறுபடி அழுத்தி. நான் முடிவு செய்தேன் என்று சொல்ல முடியாது. கை அதுபாட்டுக்குச் செய்தது, சோற்றை வடிக்கிற மாதிரி, சடை பின்னுகிற மாதிரி. சம்மதம் என்று இருந்த இடத்தில் அழுத்தினேன். பதிவு செய்த கைப்பேசிக்கு எண் அனுப்பப்பட்டுள்ளது என்று வந்தது. பத்து நிமிஷம் என்று ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓட ஆரம்பித்தது. அடுத்த நிமிஷமே போன் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டேன். அவன்தான்.

"ஏ புள்ள, வந்துருச்சு, நம்பர் வந்துருச்சு! இப்பத்தான் அமுத்துனியா? நான் ரெண்டு மணியிலேர்ந்து போனக் கையிலயே வச்சிருக்கேன், மூத்திரத்துக்குக்கூடப் போவல தெரியுமா." பின்னால் ஓவியாவின் குரல், நான் படிக்கிறேன் நான் படிக்கிறேன் என்று. "இரு இரு, எம்மவ படிக்கணுமாம். இன்ஜினியர் அம்மாவுக்கு நீயே சொல்லு." ஓவியா போனில் மூச்சு விடுகிறாள். "அம்மா, எழுதிக்கோ. நாலு. அப்புறம் ஏழு. அப்புறம், அப்பா இது என்ன, ஒண்ணா? ஒண்ணு." என் விரல் நாலு, ஏழு, ஒன்று என்று போட்டது. இன்னும் மூன்று. இருபத்தொன்றாவது பாத்தியில் சத்தம் மாறிக்கொண்டு வருகிறது, சீக்கிரம் நிரம்பிவிடும். இன்னும் மூன்று எண் போட்டால் சீட்டு என்னுடையது, அதற்குப் பிறகும் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம், முதல் வருஷம் முடித்துவிட்டுச் சொல்லலாம், டிகிரி வாங்கிச் சரியாகக் கணக்குப் போட்டுவிட்டுச் சொல்லலாம். நாலு வருஷம் அவன் எனக்கு டப்பா கட்டிக் கொடுப்பான். கோணல் சடை போட்டுவிடுவான். பஸ் ஸ்டாப் வரைக்கும் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்து ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் நூற்றி எண்பத்தேழு என்பான்.

"ஓவியா, நிறுத்து. அப்பாகிட்ட குடு." "இன்னும் மூணு இருக்கும்மா." "குடுடி தங்கம்." போன் கை மாறுகிற சத்தம். "என்ன புள்ள, தப்பாப் படிச்சுட்டாளா?" "இல்ல மாமா. அவள வெளிய வெளயாடச் சொல்லு." "எதுக்கு? டைம் ஓடுதுல்ல?" "ஓடட்டும். ஆறு நிமிஷம் இருக்கு, போதும்." அவன் அவளிடம் ஏதோ சொல்கிறான், கதவு கிறீச்சிடுகிறது. பிறகு அவன் குரல் மட்டும், சிரிப்பு பாதி இறங்கி. "என்ன ஆச்சு? மேல எங்கயாவது நிக்கிறியா? ஓரத்துல நிக்காத." நான் வரப்பில் உட்கார்ந்தேன். சேலை நனைந்தது. எனக்கு எதிரே இருபது துண்டுச் சாம்பல் வானம், என் வலது கால் அதில் ஒன்றுக்குள் இருக்கிறது.

"மாமா, முசிறி ரோட்டு பால்கனி பத்து நாள்னால விழல."

அவன் பேசுவதற்குள் நான் தொடர்ந்தேன். 

"நீ கேட்ட கணக்க இப்பவே சொல்றேன். எனக்குத் தெரிஞ்ச மட்டும் சொல்றேன். கேட்டு முடிச்சப்புறம் மிச்சம் மூணு நம்பரச் சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லு, தோணலன்னா விட்டுரு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆனா நான் முடிக்கிற வரைக்கும் போன மட்டும் வச்சுறாத மாமா."